பூட்டிய ஏடுகள்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின வாரத்தில் எம் விடுதியறையில் ஒரு வாதம் எழுந்தது. விளக்கணைக்கும் நேரம் கடந்த பின்னும் அஃது ஓயவில்லை. ஏறக்குறைய நாற்பதாண்டுகளுக்கு முன் வீட்டுக் கணிப்பொறிகளுக்கென எழுதப்பட்ட ஓர் இசை மென்பொருளை, எவரோ அதன் பூட்டை உடைத்துப் பரப்பிய படியிலிருந்து எடுத்து வழங்குதல் களவாகுமா ஆகாதா என்பதே வாதத்தின் பொருள். தேர்வு அணுகியிருக்க, இதன்பொருட்டு உறக்கங் கெடுவாரும் உளரோ என்று நகைப்பார் நகைக்கட்டும். அன்றிரவு யாம் வாதில் வென்றோமில்லை. பின்னர்ப் பன்முறை எண்ணிப் பார்த்தவிடத்து எமக்குப் பட்டதை இங்கு எழுதத் துணிந்தோம்.

சீக்வென்சர் என்னும் பெயரைக் கேட்டிராத அன்பர்கள் பொருட்டு முதலிற் சில சொல்லல் வேண்டும். எம் கல்லூரிச் சிற்றாலயத்துக் கீபோர்டின் பின்புறத்தில் ஐந்து துளைகளையுடைய வட்டமான குழிகள் இருத்தலைப் பாடகர் குழுவினர் கண்டிருப்பர். அவற்றிற்கு மிடி என்று பெயர். 1983-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்காவிலே கூடிய இசைக்கருவி வணிகர் கண்காட்சியில், கலிபோர்னியாவிற் செய்த பிராஃபெட்-600 என்னும் கருவியும் ஜப்பானியர் செய்த ஜூபிடர்-6 என்னும் கருவியும் இத்தகைய கம்பியொன்றாற் பிணைக்கப்பட்டன. ஒன்றிலே விரல் வைக்க, மற்றொன்றும் உடன் ஒலித்தது. அதுகாறும் கம்பெனியார் பலர் தத்தம் கருவிகட்கே பொருந்தும் இணைப்பை வைத்துக்கொண்டிருந்தனர். போட்டியிட்டு வாணிகஞ் செய்வோர் ஒரு பொதுமொழிக்கு உடன்படுதல் எளிய செயலன்று. இதற்கென முன்னின்று உழைத்த டேவ் ஸ்மித், இக்குதாரோ ககெஹாஷி என்னும் இருவர்க்கும் முப்பதாண்டு கழித்து, 2013-இல், டெக்னிக்கல் கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடி ஒலியைச் சுமந்து செல்வதன்று. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது, எப்பொழுது விடப்பட்டது என்னும் செய்தியை மட்டுமே அது சுமக்கின்றது. கட்டைகளுக்கு 128 எண்கள். ஒரே கம்பியில் 16 தடங்கள். ஒரு நொடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு சுரத்தைத் தொடங்குதற்குரிய மூன்று பைட்டுகள் சென்று சேர ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கு ஆகும். இச்செய்திகளைக் காலவளவோடு நினைவிற் கொண்டு, வேண்டும்போது கருவிகட்குத் திருப்பி அனுப்பி அவற்றை வாசிக்கச் செய்வதும், பிழைபட்ட ஒரு சுரத்தை மட்டும் எடுத்துத் திருத்த இடந்தருவதுமே சீக்வென்சரின் தொழில். ஆர்மோனியம் வாசிப்பவரின் ஒலியை விட்டு, அவர் விரல்களின் ஓட்டத்தை மட்டும் ஏட்டிலெழுதி வைத்தாற்போன்றது என்று கொள்க.

முதற்கண் இவை விலைமிக்க தனிப் பெட்டிகளாகவே விற்கப்பட்டன. 1982-இல் வெளிவந்த கமடோர் 64 போன்ற மலிவான வீட்டுக் கணிப்பொறிகள் பின்னர் அவ்வேலையை ஏற்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஸ்டைன்பெர்க், மான்ஃபிரெட் ரூருப் என்னும் இருவர் 1984-இல் அக்கணிப்பொறிக்கென ‘புரோ-16’ என்பதை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் அட்டாரி கம்பெனியார் எஸ்.டி. என்னும் கணிப்பொறியை மிடிக் குழிகளோடே செய்து விற்றனர். விளையாட்டுப் பொறி செய்வோர் என்று பேர்பெற்ற ஒரு கம்பெனி, இரண்டு சிறு குழிகளை வைத்தமையாலே இசைவாணர் பலரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அட்டாரிக்கென எழுந்த மென்பொருள்களுள் இரண்டினை எடுத்துக்கொள்வோம். ஒன்று சி-லேப் என்னும் கூட்டத்தார் 1988-இல் வெளியிட்ட ‘நோட்டேட்டர்’. மற்றொன்று ஸ்டைன்பெர்க் கம்பெனியார் 1989-இல் வெளியிட்ட ‘கியூபேஸ்’. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே பொறிக்கென, ஓராண்டு இடைவெளியில் எழுந்தவை. எனினும் இசையென்பது யாது என்னும் வினாவிற்கு இரண்டும் இருவேறு விடை தருகின்றன. நோட்டேட்டரில் இசை, சிறு சிறு கண்ணிகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒரு கண்ணியிற் பதினாறு தடங்கள். பாடல் முழுதும் எந்தக் கண்ணிக்குப் பின் எந்தக் கண்ணி வருமென்னும் ஒரு பட்டியலேயாம். அத்தகைய பட்டியல்கள் நான்கு அருகருகே ஓடும். மேனாட்டுச் சுரக்குறிகளோ வாசிக்க வாசிக்கத் திரையில் எழுதப்பட்டு வரும். கியூபேஸ் இப்பகுப்பை விட்டொழித்தது. அதன் திரையிற் காலம் இடமிருந்து வலமாக நீள்கின்றது. கருவிகள் மேலிருந்து கீழாக அடுக்கப்படுகின்றன. வாசித்த பகுதிகள் கட்டங்களாக அவற்றினிடையே கிடக்கின்றன. கத்தரிக்கோலால் வெட்டலாம், பசையால் ஒட்டலாம். இன்று எத்தனையோ மென்பொருள்கள் இவ்வழியையே பின்பற்றுகின்றன. நம்மவர் கைப்பேசியிற் பாட்டுக் கோப்பவரும் தாம் அறியாமலே 1989-ஆம் ஆண்டு ஹாம்பர்க்கில் வகுத்த நெறியிலே செல்கின்றனர்.

மூன்றாவதொன்றும் உண்டு, எமக்கு அதன்மேல் ஒரு தனி விருப்பம். அமெரிக்காவில் டாக்டர் டி’ஸ் என்னும் பெயரோடு வெளிவந்த கே.சி.எஸ். என்பதில் அழகிய கட்டங்கள் இல்லை. ஒவ்வொரு சுரமும் ஒரு வரி: காலம், தடம், சுரம், விசை, நீட்சி. எண்களே கண்ணில் நிற்கும். கணக்கன் பேரேடு போன்றிருக்கும் அதனோடு, சுரங்களைக் குறித்த விதிகளின்படி மாற்றி மாற்றிப் புதிய வேறுபாடுகளைத் தானே இயற்றித் தரும் ஒரு பகுதியும் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. பொறி தானே இசை புனைதல் பற்றி இன்று எழும் ஆரவாரத்தைக் கேட்குந்தோறும் எமக்கு அந்தப் பேரேடு நினைவிற்கு வரும்.

இவற்றாற் பயனடைந்தார் யார்? செல்வர் மட்டும் அல்லர். ஒரிசாவிலுள்ள ரூர்கேலாவிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஜோதி மிஸ்ரா என்பவர், ஒயிட் டவுன் என்னும் புனைபெயரில், தம் வீட்டிலிருந்தபடியே ஓர் அட்டாரிக் கணிப்பொறியையும் எட்டுத் தட ஒலிநாடாக் கருவியொன்றையும் கொண்டு ‘யுவர் வுமன்’ என்னும் பாடலைச் செய்தார். 1932-இற் பதிந்த ஒரு பழம் பாட்டின் ஊதுகொம்பு ஓசை அதில் திரும்பத் திரும்ப வரும். 1997 ஜனவரியில் அப்பாடல் பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் எய்திற்று. பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தின் வாயிலை மிதியாத ஒருவர்க்கு அக்கதவைத் திறந்தது இத்தகைய மலிவான பொறியே. அடுத்த ஆண்டில் ஃபேட்பாய் ஸ்லிம் என்னும் பெயரோடு நார்மன் குக் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற தொகுப்பும் அட்டாரியிற் கோத்ததே. அதற்குள் அட்டாரி எஸ்.டி.யின் உற்பத்தி நின்று ஐந்தாண்டளவு ஆகியிருந்தது.

அண்மைக் காலத்தில் மேனாட்டிலே பலர் இவற்றை மீண்டும் தேடி எடுக்கின்றனர். பழம்பொறிகளைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வாரும், இக்காலக் கணிப்பொறியினுள்ளே ஒரு போலி அட்டாரியை ஓடவிடுவாரும் என அவர் இருதிறத்தார். பழம்பொறியின் தாளம் மயிரிழையும் பிசகாது, இக்காலப் பொறிகள் தள்ளாடும் என்பது அவர்களிற் பலர் ஓதும் மந்திரம். இதில் உண்மை உண்டு. அட்டாரியின் மிடிக் குழிகள் அதற்கென்றே வைத்த ஒரு சில்லின் வழியாய் மையப்பொறியோடு நேரே இணைந்தவை. ஒரு காலத்தில் ஒரு வேலையையே அப்பொறி பெரும்பாலும் செய்தது. இன்றைய பொறியோ ஆயிரம் வேலைகளுக்கிடையே, யு.எஸ்.பி. வழியாக, வரிசையில் நின்று சுரத்தை அனுப்புகின்றது. ஆயினும், பத்து விரலுங் கூடி ஒரே நேரத்தில் வைத்த சுரங்கள் மிடிக் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பழையது என்பதனாலேயே ஒன்று நன்று என்பார்க்கு யாம் துணைநில்லோம்.

இப்பொறிகளின் குறையும் சிறிதன்று. பன்னிரண்டு சமபடிச் சுரங்களையும் ஒரே சீராய் வெட்டிய தாளக்கட்டங்களையும் இவை இயல்பெனக் கொண்டு பிறந்தவை. சுரத்தை வளைத்தற்கு மிடியில் வழியுண்டு. ஆனால் அவ்வளைவு தடம் முழுமைக்குமே பொருந்தும். ஒரு தடத்தில் இரண்டு சுரம் ஒலித்தால் இரண்டும் சேர்ந்தே வளையும். நம் கீர்த்தனையொன்றின் கமகத்தை இதிற் கொணர முயன்று யாம் ஒரு மாலைப்பொழுதை இழந்தோம். கேட்ட நண்பர், பூனையின் வாலை மிதித்தது யார் என்று வினவினார்.

அங்ஙனமாயின் இவற்றைக் காப்பானேன்? யாம் தமிழ் பயில்வோராதலின் எமக்குப் பரிபாடல் நினைவிற்கு வருகின்றது. எழுபது பாடலென்று சொல்லப்படும் அந்நூலில் இருபத்திரண்டே முழுமையாய்க் கிடைத்துள்ளன. ஐயரவர்கள் 1918-இல் அதனைப் பதிப்பித்தார்கள். பாடல்களின் இறுதியில், பாடியவர் இன்னார், பண்ணமைத்தவர் இன்னார், பண் இன்னது என்று குறிப்பு நிற்கின்றது. மருத்துவன் நல்லச்சுதனார் இசைவகுத்தார் என்று கற்கின்றோம். வகுத்த இசை எங்கே? சொல் ஏட்டிலே தங்கிற்று. இசை காற்றோடு போயிற்று. வகுப்பில் அக்குறிப்புகளைப் படிக்குந்தோறும் பூட்டிய கதவின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் படிப்பது போன்றதோர் ஏக்கம் உண்டாகும்.

பழைய சீக்வென்சர்களிற் சேமித்த இசைக்கும் அந்நிலையே வந்துகொண்டிருக்கின்றது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குரிய எழுத்திலேயே ஏடெழுதியது. எல்லாரும் படித்தற்குரிய பொதுவான மிடிக் கோப்பு முறை 1988-இல் வகுக்கப்பட்டதென்பது மெய்யே. ஆயின் அம்முறையில் மாற்றி எழுதும்போது சுரமும் காலமும் தங்கும். கண்ணிகளின் அடுக்கும், திரும்பி வருமிடத்து ஒன்றே மற்றொன்றைச் சுட்டும் உறவும், இயற்றியவர் தட்டிப் பார்த்துக் கைவிட்ட பகுதிகளும் தங்கா. அவர் எவ்வாறு எண்ணி எண்ணி அப்பாடலைக் கட்டினார் என்பதே போய்விடும். அதற்குமேல், மாற்றி எழுதுதற்கும் அப்பழைய மென்பொருளே முதலில் திறக்கப்படல் வேண்டுமன்றோ?

இங்கேதான் பூட்டு வருகின்றது. கியூபேஸும் நோட்டேட்டரும் வட்டில் மட்டும் விற்கப்படவில்லை. அட்டாரியின் பக்கவாட்டிற் செருகும் ஒரு சாவிப் பெட்டியும் உடன் விற்கப்பட்டது. அதனைச் செருகாவிடின் மென்பொருள் ஓடாது. அக்காலத்து இதில் நியாயம் இருந்தது. சிலரே கூடி எழுதிய மென்பொருளை ஆயிரவர் விலைகொடாது படியெடுத்தால் எழுதியவர் எவ்வாறு உண்பார்? ஆனால் இன்று அச்சாவி தொலைந்தால், அல்லது உள்ளிருக்கும் சில்லு பழுதானால், நேர்மையாய் விலை கொடுத்து வாங்கியவரும் தம் ஏட்டைத் தாமே திறக்க மாட்டார். கம்பெனிகளும் கைம்மாறின. சி-லேப் எழுத்தாளர் பின்னர் நடத்திய ஈமேஜிக்கை 2002-இல் ஆப்பிள் கம்பெனி வாங்கிற்று. அவ்வாண்டே விண்டோஸ் பொறிகளுக்கான லாஜிக் நிறுத்தப்பட்டது. ஸ்டைன்பெர்க் 2005 முதல் யமஹாவின் உடைமை. அந்நிறுவனம் 2022-இல் சாவிப் பெட்டி வேண்டாத முறைக்கு மாறத் தொடங்கித் தன் யு.எஸ்.பி. சாவிகளுக்குரிய சேவையை 2025 மே மாதத்தில் முடித்துக்கொண்டது. நாற்பதாண்டுப் பழையதற்கு மட்டும் நேரும் இடர் இஃது அன்று என்பதற்காகவே இதனைச் சொன்னோம்.

சட்டம் காத்திருக்கச் சொல்கின்றது. நம் நாட்டில் ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டும், ஜெர்மனியில் 70 ஆண்டும் பதிப்புரிமை நிற்கும். வட்டின் காந்தப் பூச்சு அத்துணைப் பொறுமை உடையதன்று. அமெரிக்காவிலே இவ்விடரைச் சிறிது உணர்ந்தனர். வழக்கொழிந்த மென்பொருளின் சாவிப் பெட்டி பழுதாகித் திறக்கவொண்ணாது போயின், பூட்டைக் கடந்து திறத்தல் குற்றமாகாதென 2003-இல் விலக்களித்து, 2006-இலும் 2010-இலும் அதனைப் புதுப்பித்தனர். ஆனால் அவ்விலக்கு பிறர்க்குப் படியெடுத்து வழங்குதற்கு உரிமை தரவில்லை.

எனவே நடைமுறையிற் காத்தவர் யார் என்று கேட்பின், வாய்விட்டுச் சொல்ல நாணும் விடை வருகின்றது. பூட்டை உடைத்தவர்களே காத்தனர். பள்ளிச் சிறுவரும் இளைஞரும் தம் திறமை காட்டற்பொருட்டே 1980-களில் உடைத்துப் பரப்பிய படிகள், அவர்கள் எண்ணாத வகையில், இன்று பழஞ்சுவடிகளாய் நிற்கின்றன. அன்றிரவு எம் பௌதிகப் பிரிவு நண்பர் இதனையே எடுத்துக் காட்டினார். “உரிமையாளர் விற்கவும் இல்லை, விற்கப்போவதும் இல்லை. நாம் திறந்தால் அவருக்கு இழப்பு யாது?” என்றார். மற்றொருவர், களவைத் தடுக்கும் கட்டளை இழப்பின் அளவைப் பார்த்துச் சொல்லப்பட்டதன்று என்றார். அவர் எம் ஊரார்; ஓய்வுநாட்பள்ளியில் எம்மோடு படித்தவர். அவர் சொல்லை எம்மால் எளிதிற் புறக்கணிக்க முடியவில்லை.

எம் கருத்து இது. அன்று உடைத்தவர் செய்தது பிழையே. அப்பிழையினின்று நன்மை விளைந்தமையால் அது பிழையன்று என ஆகிவிடாது. யோசேப்பை விற்ற சகோதரர் கதையை அறிந்தோர்க்கு இதனை விரிக்க வேண்டா. ஆனால் இன்றைய பிழை வேறிடத்தில் இருக்கின்றது. விற்காமலும், வழங்காமலும், பிறர் திறக்க விடாமலும் ஒரு பொருளை வைத்திருப்பவர், தாலந்தை நிலத்திற் புதைத்த ஊழியக்காரனின் நிலையில் நிற்கின்றார். அவருக்கு அதனாற் காசு வருவதில்லை. காவல் செய்யும் எண்ணமும் இல்லை. ஆதலின், விற்பனையை நிறுத்திக் குறித்த ஆண்டுகள், பதினைந்து என்று வைத்துக்கொள்வோம், கழிந்தபின் பூட்டற்ற படியொன்றை நூலகங்கட்கு ஒப்படைத்தல் உரிமையாளர் கடனாக விதிக்கப்படல் வேண்டும். அச்சிட்ட நூலின் ஒரு படியை நாட்டு நூலகத்திற்கு அனுப்பவேண்டுமென்னும் விதி இந்தியாவில் 1954 முதல் இருக்கின்றது. நூலுக்கு ஆவது ஏன் இதற்கு ஆகலாகாது?

இது நடவாத கனவு என்பார்க்குச் சில காட்டுவோம். அமிகா என்னும் கணிப்பொறிக்குரிய ‘பார்ஸ் அண்ட் பைப்ஸ்’ என்ற சீக்வென்சரைச் செய்த கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கியபின் அதன் விற்பனை நின்றது. ஆனால் அதனை இயற்றிய டோடர் ஃபே அதன் மூலநிரலையே ஆர்வலர் கையில் விட்டார். அவர்கள் அதனைத் திருத்தி வளர்த்தனர். அட்டாரியின் உள்ளமைந்த இயக்க நிரல் பிறர் உடைமையாதலின், அதே வேலையைச் செய்யும் எமுடாஸ் என்பதைச் சிலர், உரிமையாளரே பொதுவில் விட்ட மூலநிரலை அடிப்படையாகக் கொண்டு, எஞ்சியதைத் தாம் எழுதிச் சேர்த்து, எல்லார்க்கும் உரியதாக்கினர். ஒரு பூட்டையும் உடையாமல், தம் உழைப்பினால் வேறொரு கதவைச் செய்துகொண்டவர்கள் அவர்கள். அந்தச் செயல் எம் உள்ளத்தை மிகவும் தொட்டது. அதனையும் ஹட்டாரி என்னும் போலி அட்டாரியையும் கொண்டே யாம் விடுதிக் கணிப்பொறியில் இவற்றைப் பயின்றோம். ஆசிரியரே இலவசமாய் வழங்கிய ஒரு சிறு சீக்வென்சரை ஓடவிட்டுக் கிறிஸ்துமஸ் பாட்டொன்றின் நான்கு குரல்களையும் சிற்றாலயத்துக் கீபோர்டிற் கேட்டோம். கீழ்க்குரலில் இரண்டிடத்தில் எம் விரல் தவறியிருந்தது. பொறி அதனை மறைக்காமல் அப்படியே வாசித்தது.

வாதத்திற்குரிய அம்மென்பொருள் நண்பரின் கணிப்பொறியில் இன்னும் திறக்கப்படாமலே கிடக்கின்றது. அவர் ஒரு திங்கள் தவணை கொடுத்திருக்கின்றார். அதன் இன்றைய உரிமையாளர்க்கு, கற்றற்பொருட்டு ஒரு படியை வழங்க அனுமதி வேண்டி, மூவரும் கையொப்பமிட்ட கடிதமொன்றை நேற்று அஞ்சலிற் சேர்த்தோம்.